எட்டாம் அடுக்கு, சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்வார்கள். வரட்டுமே. இருபது வருடமாக ஆயிரம் டிகிரி உலையோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் குளிரா வரும்? ஆனால் அன்று காலை நான் கோபப்பட வேண்டிய ஆள் நானாகவே இருந்துவிட்டேன். அதுதான் கொடுமை.

தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் உலை என் பொறுப்பு. மண்ணோ எலும்போ கல்லோ, கேட்ட சூட்டில் சுட்டுக் கொடுப்பேன். படித்தவர்கள் அதை வைத்து ஆராய்வார்கள். எல்லாருக்கும் நான் உலை அக்கா. அதே கட்டடத்தில் ஆய்வு மாணவியாக இருப்பவள் என் கூடப்பிறந்த தங்கை. ஆளும் ஒல்லி, ஆராய்ச்சியும் நெருப்பைப் பற்றி, அதனால் அவளைத் தீக்குச்சி என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

ஆறு வருடமாக அவள் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு குகை. அதன் எட்டாம் அடுக்கில் கல்லாயுதங்களும் கறுத்த எலும்புகளும் கிடைத்தன. நாலு லட்சம் வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் நெருப்பு மூட்டினார்களா, இல்லையா? இதில் என்ன பெரிய குழப்பம், எலும்புதான் கறுத்துக் கிடக்கிறதே என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன்.

"கறுப்பா இருந்தா எரிஞ்சதுன்னு அர்த்தமா? மண்ணுல இருக்கிற தாது ஏறினாலும் எலும்பு கறுத்துப் போகும்க்கா" என்பாள்.

சாம்பல் மாதிரித் தெரிந்தால் அது வௌவால் எச்சம் மட்கியதாக இருக்கலாம். கரித்துண்டு கிடைத்தால், வெளியே காடு எரிந்து மழைத்தண்ணீர் அதை உள்ளே அடித்து வந்திருக்கலாம். எதைக் காட்டினாலும் இன்னொரு காரணம் வந்து குறுக்கே நிற்கும். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் இதையே பேசிப் பேசி, அம்மா ஒருநாள், "மூட்டினா மூட்டிட்டுப் போறான், உனக்கென்னடி வந்துது?" என்று கத்தியே விட்டாள்.

இந்த இழுபறிக்கு முடிவு கட்டியது ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். குகைக்குள்ளே, உள்சுவரின் ஓரமாக எடுத்த மண் அதில் இருந்தது. களிமண்ணை ஐந்நூறு, அறுநூறு டிகிரியில் சுட்டால் அதன் குணம் மாறிவிடும். அகச்சிவப்புக் கருவி வரைகிற கோட்டில் வழக்கமாக இருக்கும் இரட்டை மேடு காணாமல் போகும். அந்தப் பொட்டலத்து மண்ணில் மேடு இல்லை. காட்டுத்தீ அவ்வளவு ஆழத்துக்கு வந்து சுவரோரத்து மண்ணைச் சுட முடியாது. அப்படியென்றால் யாரோ அங்கே உட்கார்ந்து, வேண்டுமென்றே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சூடு படாத ஐந்தாம் அடுக்கு மண்ணை என் உலையில் சுடச் சொன்னாள். சுட்டுக் கொடுத்தேன். இரண்டு கோடும் அச்சு அசலாக ஒத்துப்போனது. தீக்குச்சி என்னைக் கட்டிப்பிடித்து உலை அறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளுடைய நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பொட்டலத்தின் மேல்தான் நின்றது.

அன்று பதினொரு மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வருகிற தேர்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. பழங்கால நெருப்பைக் கண்டுபிடித்தேன் என்று யார் வந்தாலும் நறுக்கென்று வெட்டி அனுப்புகிறவர். முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தார்: பொட்டலத்து மண் எதிலிருந்து எடுத்ததோ, குகையில் கட்டிய அந்த மூல மூட்டை மேசைக்கு வர வேண்டும், அதிலிருந்து ஒரு சிட்டிகை நான் எடுத்துப் போவேன். எடுத்துப் போகட்டும், நமக்கென்ன பயம் என்று நானும் தங்கையும் சிரித்தோம். அவளுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு வேலை காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், அவளுக்கு முப்பத்து நாலரை. இந்தத் தேர்வு போனால் அந்த வேலை போயே போச்சு.

காலை ஒன்பது மணிக்கு நான் சேமிப்பறைக்குப் போய் மூட்டையைத் தேடினேன். கீழ்த்தட்டில், தூசிக்கு நடுவில் கிடந்தது. தடித்த பிளாஸ்டிக் பை. 'அடுக்கு 8 – சு' என்று தங்கையின் கையெழுத்து. பையின் வாயைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி, அதில் குகையில் வைத்தே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

காகிதம் கிழியவே இல்லை.

ஒரு நிமிடம் எனக்கு உறைக்கவில்லை. மூட்டையை யாருமே பிரிக்கவில்லை என்றால், ஆய்வு செய்த பொட்டலத்துக்குள் மண் எப்படிப் போனது? மேலே பொட்டலங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். 'அடுக்கு 8 – சு' பொட்டலம் இருந்தது. அந்தச் 'சு'வின் வாலை இழுத்துச் சுழித்திருந்த கை தங்கையின் கை இல்லை. அப்படி எழுதுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

 ஓடிப்போய் உலைப் பதிவேட்டைப் புரட்டினேன். இருபது வருடத்தில் ஒரு சூடுகூட அதில் விட்டுப்போனதில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. அறுநூறு டிகிரி. பொருள்: எட்டாம் அடுக்கு, நடுக்குழி மண், சோதனைக்கு. துறைத் தலைவர் சும்மா சுட்டுப் பார்க்கச் சொன்னது. தங்கை அப்போது குகையில் இருந்தாள். சுட்டேன், பொட்டலம் கட்டினேன், எட்டாம் அடுக்கு மண்தானே என்று எட்டாம் அடுக்குப் பெட்டியிலேயே போட்டேன். மேலே 'சு' என்று எழுதினேன். சுட்டது. என் உலை அறையில் 'சு' என்றால் சுட்டது. குகையில் அவர்களுக்குச் 'சு' என்றால் சுவரோரம்.

மூன்று எழுத்தை மிச்சம் பிடித்த என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்தக் கோடு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டும் என் உலை போட்ட குட்டிகள்!

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று இப்போது வீம்புக்குச் சொல்ல மாட்டேன். மூட்டை காணவில்லை என்று சொல்லலாம். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் என் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவே கிடையாது. நேராக அவள் அறைக்குப் போனேன். நல்ல சேலை கட்டி, கண்ணாடியைப் பார்த்து முன்னுரையை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் மூட்டையை வைத்தேன். பக்கத்தில் பொட்டலம். அதன் பக்கத்தில் பதிவேடு.

"என்னக்கா இது, காலங்காத்தால கடை பரப்புற?"

"முடிச்சைப் பாரு. அப்புறம் இந்தச் 'சு' யார் எழுத்துன்னு பாரு."

பார்த்தாள். பதிவேட்டைப் படித்தாள். மறுபடி முடிச்சைப் பார்த்தாள். 

"சுவரோரம்னு இல்ல நெனச்சேன்..." என்றாள்.

"நான் சுட்டதுன்னு எழுதினேன்டி."

"இதை இன்னிக்கா சொல்லுவ? ரெண்டு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்த?"

"எனக்கே இப்பத்தானடி தெரியும்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா..."

"ஒரு வார்த்தை முழுசா நீ எழுதியிருந்தா?"

 நியாயமாகக் கேட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அவள்தான் முதலில் எழுந்தாள். "சுவரோரத்து மண்ணு இப்பத்தான் நம்ம கைல இருக்கு. அது நெஜமாவே சுட்டதா இருக்கலாம்ல? குகையில விளக்கு வெளிச்சத்துல நெறம் எங்க தெரிஞ்சுது? வா."

முடிச்சை அறுத்தாள். உள்ளே மண் பழுப்பாக இருந்தது. சுட்ட மண்ணுக்கு வருகிற சிவப்பு இல்லை. அதைப் பார்த்தும் இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம். ஒரு சிட்டிகை எடுத்து அரைத்து, வில்லையாக அழுத்திக் கருவிக்குள் வைத்தாள். அவசரத்தில் முதல் வில்லை உடைந்தது. இரண்டாவது நின்றது. திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து வந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. மேடு வர வேண்டிய இடம் வந்தது.

மேடும் வந்தது. இரட்டை மேடு, பளிச்சென்று. அந்த மண் பிறந்ததிலிருந்து சூடே பார்த்ததில்லை.

மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. தங்கை கருவியை அணைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"உலையைப் போடுக்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும். ஒரு தட்டு மண்ணு, பத்து நிமிஷம். ஆறவெச்சு மூட்டையில மேலாகப் போட்டுடலாம். அவர் ஒரு சிட்டிகைதான எடுப்பாரு."

பளாரென்று ஒன்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை. உலை அறைக்குப் போய் விசையை அழுத்தினேன். ஆமாம், நான்தான் அழுத்தினேன். தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கா என்ற ஒரே நினைப்புதான் தலைக்குள் இருந்தது. அவள் ஆறு வருடம் குகைக்குள் முட்டி தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறுநூறு டிகிரி ஏற நாற்பது நிமிடம் ஆகும். உலையின் முகத்தில் சிவப்பு எண்கள். தொண்ணூறு. நூற்றைம்பது. தங்கை பீங்கான் தட்டில் பழுப்பு மண்ணைப் பரப்பி மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலையில் மண் கொட்டியிருந்தது. தட்டவும் இல்லை.

இருநூற்று எண்பதில் கைப்பேசி அலறியது. அம்மா.

"என்னடி, முடிஞ்சுதா?"

"இல்லம்மா, பதினோரு மணிக்குத்தான்."

"அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாம்மா" என்று பொய் சொன்னேன்.

"பயப்படாமப் பேசச் சொல்லு. உண்மையைச் சொல்றவளுக்கு என்ன பயம்?"

வைத்துவிட்டேன். அம்மா பேசியது எல்லாமே தங்கைக்குக் கேட்டிருக்கும். தங்கை நிமிரவில்லை. முந்நூற்று நாற்பது. நானூறு. நடைக்கூடத்தில் யாரோ நடந்து போனார்கள், இருவரும் திருடிகள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டோம். என் சொந்த அறையில் நான் திருடி! ஐந்நூற்று இருபது.  ஐந்நூற்றுத் தொண்ணூறு.

அறுநூறு தொட்டதும் மணி அடித்தது. பத்து முப்பத்தைந்து. அவள் தட்டோடு எழுந்து உலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இருபது வருடப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மணி அடித்தால் என் கை தானாகப் பேனாவை எடுக்கும். பதிவேட்டைத் திறந்தேன். தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். சூடு, அறுநூறு என்று எழுதினேன். அடுத்த கட்டம் பொருள். யோசிக்காமல், எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டேன்:

"என்னன்னு எழுதட்டும்?"

சத்தியமாக அவளை மடக்க நினைத்துக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள்.   நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எண் அறுநூறுக்கும் அறுநூற்று ஒன்றுக்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்தது.

"சொல்லுடி."

தட்டை மேசையில் வைத்தாள். அவ்வளவுதான். மண்ணை மூட்டையில் திருப்பிக் கொட்டி, பழைய கோடு ஒன்று, காலையில் எடுத்த கோடு ஒன்று, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். இரண்டில் எதை மேசையில் வைக்கப் போகிறாள் என்று சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை. உலையை அணைத்துவிட்டு, பதிவேட்டையும் பொட்டலத்தையும் அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

தேர்வு அறையில் நீள மேசை. நடுவில் துறைத் தலைவர், வலப்பக்கம் கத்திரி. குட்டையான மனிதர், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தங்கை முதல் மூன்று அத்தியாயத்தையும் தடங்கலில்லாமல் சொன்னாள். நான்காவது வந்ததும் கத்திரி கையைத் தூக்கினார்.

"நில்லுங்கம்மா. இந்தக் கோடு ரொம்பச் சுத்தமா இருக்கு. நாலு லட்சம் வருஷம் ஈரத்துல கெடந்த மண்ணு இவ்வளவு சுத்தமாக் கோடு போடாது. மூட்டை எங்கே?"

மூட்டையை அவர் முன்னால் வைத்தாள். அறுந்த முடிச்சை அவர் தொட்டுப் பார்த்தார்.

"எப்பப் பிரிச்சீங்க?"

 ரெண்டு வருஷம் முன்னாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இன்னிக்குக் காலையில ஒன்பதரைக்கு சார். பழைய கோடு இந்த மண்ணோடது இல்ல."

"அப்போ அந்தச் சூடு?"

"அந்த நெருப்பை மூட்டினது எங்க அக்கா சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். தங்கை சிரிக்கவில்லை. 'சு' கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். காலையில் எடுத்த கோட்டை மேலே வைத்தாள். இரட்டை மேடு எல்லாருக்கும் தெரிந்தது. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ குகையில நெருப்பு இருந்துச்சா, இல்லையா?" கத்திரி கேட்டார்.

"தெரியாது சார். இருந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட இப்போ ஒண்ணும் இல்ல."

கத்திரி மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தப் பதிவேட்டைக் கொண்டு வாங்க."

கொண்டு போனேன். பழைய செவ்வாய்க்கிழமையைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார், தலையாட்டினார். மூடப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதர் மூடாமல் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார்.

"இன்னிக்குப் பத்து முப்பத்தஞ்சு. அறுநூறு டிகிரி. பொருள்னு போட்ட கட்டம் காலியா இருக்கே?"

செத்தேன். அந்தப் பாதி வரியை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன்! தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவ்வளவு உண்மையைச் சொல்லி நிமிர்ந்து நின்றவளை, என் எழுத்து இரண்டாம் தடவை குழியில் தள்ளப் போகிறது.

"உலையைச் சோதிச்சுப் பாத்தேன் சார்" என்றேன். நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டுவிட்டது!

"சரி" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார். "அதையே எழுதிடுங்க. காலியா விடக் கூடாது இல்ல?"

பேனாவை வாங்கினேன். வாயால் சொன்னதைக் கையால் எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுத வரவில்லை. அந்தப் புத்தகத்தில் நான் எரிந்து விழுந்த நாள் உண்டு, கண்ணீர் சொட்டி மை கலைந்த நாள் உண்டு, பொய் எழுதிய நாள் இல்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

எழுதினேன். ஒரு எழுத்தையும் மிச்சம் பிடிக்காமல், வாலைச் சுழிக்காமல் எழுதினேன்: 'எட்டாம் அடுக்கு, சுவரோரம். சுடவில்லை.'

கத்திரி அதைப் படித்தார். மறுபடி படித்தார். தங்கையை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலைவரிடம் குனிந்து பேசி, முடிவைச் சொன்னார். பட்டம் இப்போது கிடையாது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, வேறு மண் எடுத்து, ஒரு வருடம் கழித்து மறுபடி வர வேண்டும். போகும்போது மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை பழுப்பு மண்ணை மறக்காமல் எடுத்துப் போனார்.

அருங்காட்சியக வேலை அந்த நிமிடமே போனது. நடைக்கூடத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். கைப்பேசியில் அம்மா விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். எடுக்க இருவருக்கும் தெம்பில்லை. தங்கை அழுதாள், நன்றாகச் சத்தம் போட்டே அழுதாள். நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்? வாயில் மண்ணைப் போட்டவளே நான்தானே.

அழுது முடித்து மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொட்டலத்தைக் குடு. பேனாவும் குடு" என்றாள்.

கிழித்து எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை மடியில் வைத்து, என் 'சு'வுக்குப் பக்கத்தில் மிச்ச மூன்று எழுத்தையும் தன் கையால் எழுதினாள்.

"போய் அது இருக்க வேண்டிய பெட்டியில வை" என்றாள். "இந்தா, போனையும் எடு. நான் சாப்பிடலேன்னு அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு."